கன்னி என்ற சொல்லுக்குள் புதைந்தவை
பாலக்காட்டுத் தோற்பாவைக் கூத்தில் சூர்ப்பணகை



காவியங்களில் வரும் தீயோர்க்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. அவர்கள் செய்த தீமையைக் கவிஞர் விரிவாகச் சொல்வார்; அத்தீமைக்கு முன்னர் அவர்கள் வாழ்ந்த வாழ்வைச் சொல்லமாட்டார். நாயகனுக்குப் பிறப்பும் வளர்ப்பும் உண்டு. தீயோனுக்கு வரவும் அழிவும் மட்டுமே உண்டு. தீமைக்குரியவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. அவள் வந்தாள், கேடு சூழ்ந்தாள், தண்டம் பெற்றாள் என்ற மூன்று வாக்கியங்களில் அவள் வரலாறு முடிந்துவிடும்.

இராமாயணத்துச் சூர்ப்பணகை அத்தகையவள். முறம் போன்ற நகமுடையவள் என்பது அவள் பெயரின் பொருள். நம் வீடுகளில் அடங்காத பெண்ணை வைவதற்குக்கூட அப்பெயரே பயன்பட்டு வந்திருக்கிறது. அத்தகைய ஒருத்திக்கும் நினைவுகள் உண்டு, இழப்புகள் உண்டு, தான் இன்னாள் என்று உரைக்கும் உரிமை உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட ஓரிடம் இருக்கிறது. அது ஏட்டில் இல்லை, திரையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இல்லை, கேரளத்தில், பாலக்காட்டுப் பகுதியில் இருக்கிறது. அந்தத் திரையைப் பற்றியும், அதில் நிழலாக அசையும் சூர்ப்பணகையைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

பாலக்காடு, ஒற்றப்பாலம், ஷொரணூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகவதி கோயில்கள் பலவற்றில் கூத்துமாடம் என்னும் தனிக் கட்டடம் ஒன்றைக் காணலாம். அம்மன் சந்நிதியை நோக்கி அமைந்த நீண்ட அரங்கு அது. அதன் முகப்பில் திரை கட்டுவார்கள். மேற்பகுதி வெள்ளைத் துணி, கீழ்ப்பகுதி கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து இருபத்தொரு விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். விளக்குக்கும் திரைக்கும் நடுவே தோலில் செதுக்கிய பாவைகளை வைத்து ஆட்டுவார்கள். பழைய பாவைகள் மான்தோலில் ஆனவை. இக்காலத்தில் பெரும்பாலும் ஆட்டுத்தோல். அணிகலனுக்கும் ஆடைக்கும் உரிய கோலங்களை நுண்ணிய துளைகளாக இட்டிருப்பதால், நிழலுக்குள்ளே ஒளிப்புள்ளிகள் மின்னும். ஒரே பாத்திரத்துக்கு அமர்ந்த நிலை, நடக்கும் நிலை, போரிடும் நிலை எனத் தனித்தனிப் பாவைகளும் உண்டு.

ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள் என்று கோயிலின் வழக்கத்துக்கு ஏற்ப இரவுதோறும் கூத்து நடைபெறும். அங்கே பாடப்படுபவை கம்பராமாயணப் பாடல்கள். தூய தமிழ்ப் பாடல்கள். அவற்றுக்கு விரிவுரை சொல்லும் வசனத்தில் தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்து வரும். பாவைக்கூத்து நடத்துவோர் ‘புலவர்’ என்றே அழைக்கப்படுகின்றனர். அவர்களிற் பலருக்கு வீட்டுமொழி மலையாளம். பாடல்களை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, குருவிடம் செவிவழியாகக் கேட்டு, நெட்டுருச் செய்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். ஷொரணூருக்கு அருகில் கூனத்தறையில் வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையை வெளியுலகம் அறியச் செய்தவர். அவருடைய மைந்தர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இக்கூத்துக்கு மனிதர் எவரும் வராவிட்டாலும் ஆட்டம் நிற்பதில்லை. அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இக்கலையைப் பற்றி எழுதி 1996 இல் வெளியிட்ட நூலில் இதனை வியந்து பேசுகிறார். அவையோர் இல்லாத வெட்டவெளியை நோக்கி விடியும்வரை பாடுவானேன் என்று கேட்டால், அம்மன் கேட்கிறாள் என்பதே விடை. பகவதி தாருகனோடு போர் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் இராம இராவண யுத்தமும் நடந்ததாம். அதனைக் காண இயலாமற்போன குறையைத் தீர்க்கவே, சிவபெருமான் ஆணைப்படி, ஆண்டுதோறும் அவளுக்கு அந்தக் கதையை நிழலாக்கிக் காட்டுகிறார்கள் என்பது ஐதிகம். ஆகவே இங்கே இராமகதையைக் கேட்பவள் சினம் அறிந்த ஒரு பெண்தெய்வம். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன். இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

பல கோயில்களில் கதை பாலகாண்டத்தில் தொடங்குவதில்லை, பஞ்சவடியில் தொடங்குகிறது. ஆதலால் தொடக்க இரவுகளிலேயே சூர்ப்பணகை திரைக்கு வந்துவிடுகிறாள்.

கம்பர் அவளை எவ்வாறு அறிமுகம் செய்கிறார் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். அரக்கர் கோனை அடியோடு அழிக்கப்போகும் ஆற்றல் உடையவள் என்ற குறிப்போடுதான் அவளைக் கொண்டுவருகிறார். வான்மீகத்தில் அவள் தன் கோர உருவத்தோடே இராமன்முன் வருகிறாள். கம்பரோ அவளுக்கு அழகிய வேற்றுருவம் தருகிறார். அவளுடைய நடையழகைக் கம்பர் பாடிய பாடல் தமிழ் படித்தோர் அனைவரும் அறிந்தது. இராமன் அவளை யார் என்று கேட்கிறான். பிரமதேவன் மரபில் வந்தவள், குபேரனுக்கும் இராவணனுக்கும் தங்கை, காமவல்லி என்னும் பெயருடையவள், கன்னி என்று விடை சொல்கிறாள். இராவணன் தங்கைக்கு இத்தகைய உருவம் எவ்வாறு வாய்த்தது என்று இராமன் ஐயுறுகிறான். அரக்கரின் நெறி தனக்கு உவப்பன்று, அதனை நீங்கித் தவம் செய்து இவ்வடிவைப் பெற்றேன் என்கிறாள் அவள்.

இவ்விடையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவள் பொய் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தெந்தப் பொய்கள் என்பதே வினா. முதலாவது, தன் பெயரை மாற்றுகிறாள். இரண்டாவது, தன் குலத்தாரை இழித்துரைக்கிறாள். மூன்றாவது, தன்னைக் கன்னி என்கிறாள். முதல் இரண்டும் வெளிப்படையானவை. மூன்றாவது பொய்க்குள்தான் அவள் வாழ்க்கை முழுவதும் புதைந்து கிடக்கிறது. ஏனெனில் அவள் கன்னி அல்லள், கணவனை இழந்தவள். பாலக்காட்டுத் திரை சொல்லும் கதைப்படி, மகனையும் இழந்தவள்.

கணவன் செய்தி வடமொழி உத்தரகாண்டத்தில் இருக்கிறது. அவன் பெயர் வித்யுஜ்ஜிஹ்வன். காலகேயர் கூட்டத்தைச் சேர்ந்தவன். திக்குவிசயம் புறப்பட்ட இராவணன் காலகேயரோடு பொருதபோது, தன் உடன்பிறந்தாளின் கணவன் என்றும் பாராமல் அவனையும் வெட்டி வீழ்த்துகிறான். சூர்ப்பணகை அண்ணன் காலில் விழுந்து, என்னைக் கைம்பெண் ஆக்கியவன் நீயே என்று கதறுகிறாள். போர் வெறியில் தன்னவர் பிறர் என்று தெரியவில்லை என்பது இராவணன் சொல்லும் சமாதானம். பின்னர் கரனோடும் பதினாலாயிரம் அரக்கரோடும் அவளைத் தண்டகவனத்துக்கு அனுப்பிவிடுகிறான். அவள் ஏன் காட்டில் தனியே திரிந்தாள் என்ற வினாவுக்கு இதுவே விடை. கம்பர் உத்தரகாண்டம் பாடவில்லை. தமிழில் உள்ள உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பாடியதாக மரபு. ஆகவே கம்பர் காட்டும் ஆரணிய காண்டத்தில் மட்டும் நின்று பார்ப்பவனுக்கு, எங்கிருந்தோ வந்த காமுகியாகவே அவள் தோன்றுவாள்.

மகன் செய்தி கம்பரிலும் இல்லை, வான்மீகியிலும் இல்லை. பாவைக்கூத்தில் இருக்கிறது. அவன் பெயர் சம்புகுமாரன். காட்டில் தன்னை மறந்து தவத்தில் இருக்கிறான். அவனைச் சுற்றிச் செடிகொடிகள் மூடி வளர்ந்துவிடுகின்றன. உள்ளே ஒருவன் இருப்பதை அறியாமலே இலக்குவன் வெட்ட, அவன் இறந்துபடுகிறான். மகனைத் தேடி வந்த தாய் வெட்டுண்ட உடலைக் காண்கிறாள், புலம்புகிறாள், பழிவாங்கப் புறப்படுகிறாள். அப்படிப் புறப்பட்டவள்தான் இராமனைக் கண்டு மயங்குகிறாள்.

இது கேரளத்துப் புலவர்கள் புதிதாகக் கட்டிய கதை அன்று. விமலசூரி என்னும் சமண ஆசிரியர் பிராகிருதத்தில் இயற்றிய பௌமசரியத்தில், மூங்கிற் புதருக்குள் நோன்பிருந்த சம்பூகன் என்பவன் இலக்குவனுடைய வாளுக்குத் தற்செயலாக இரையாகிறான். அவன் இராவணனுடைய தங்கையின் மகன். தெலுங்கில் இரங்கநாத இராமாயணத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. நீங்கள் வாழும் ஆந்திரத்திலோ தெலங்கானத்திலோ முதியோரைக் கேட்டுப் பாருங்கள். சிலருக்கேனும் இது நினைவிருக்கலாம். பழைய கதையொன்று பல வழிகளில் பயணம் செய்து, கம்பர் பாடல்களுக்கு இடையிலே பாலக்காட்டில் வந்து குடியேறியிருக்கிறது. கம்பரைத் தெய்வமாகப் போற்றும் அப்புலவர்கள், கம்பர் சொல்லாத ஒன்றை அவர் பாடல்களின் நடுவிலே துணிந்து வைத்திருக்கிறார்கள் என்பதே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது.

இதனால் கதையில் என்ன மாறுகிறது? தண்டனை மாறவில்லை; இராமன் மாறவில்லை; இராவணன் அழிவும் மாறவில்லை. மாறுவது ஒன்றுதான். அவள் கன்னி என்று சொல்லும்போது அவையோர்க்கு உண்மை தெரிந்திருக்கிறது. சற்று முன்னர் ஒரு பிணத்தை மடியில் வைத்து அழுதவள் அவள். இப்பொழுது மணமும் மகப்பேறும் இல்லாதவள்போல் நிற்கிறாள். ஒருவனுடைய ஏற்பைப் பெறுவதற்காகத் தன் துயரங்களையெல்லாம் ஒரே சொல்லில் புதைத்துவிட்டு நிற்கிறாள். அந்நிலையில் அவள்மீது நமக்கு ஏற்படும் அருவருப்போடு இரக்கமும் கலந்துவிடுகிறது. கூத்து அவளைக் குற்றமற்றவளாக்கவில்லை. ஆனால் காரணமற்றவளாகவும் விட்டுவிடவில்லை.

அடுத்து நிகழ்வது அனைவரும் அறிந்ததே. மறுநாள் அவள் சீதையைக் கவர்ந்து செல்ல முனைகிறாள். இலக்குவன் அவளைப் பற்றி இழுத்து மூக்கையும் காதுகளையும் அரிகிறான். கம்பர் மார்பும் அரியப்பட்டதாகவே பாடுகிறார். அவள் புலம்பலில் இராவணனையும் கும்பகருணனையும் கரனையும் மருமகன் மேகநாதனையும் பெயர் சொல்லி அழைக்கிறாள். நேற்று அரக்கர் நெறி உவப்பன்று என்று சொன்ன அதே வாய், இன்று ஒவ்வொருவராக அவர்களை அழைக்கிறது.

பின்னர் காலைக் கடன் முடித்துத் திரும்பும் இராமன், குருதி வழிய நிற்கும் அவளைப் பார்த்து, நீ யார் என்று மீண்டும் கேட்கிறான். முன்னர் கேட்ட அதே வினாதான். இம்முறை விடை வேறு. என்னை நீ அறியாயோ என்று தொடங்கி, எல்லா உலகங்களையும் உடைய இராவணனுக்கு உடன்பிறந்தவள் யான் என்கிறாள். இப்பொழுது காமவல்லி இல்லை. தவம் செய்து பெற்ற உருவம் இல்லை. குலத்தை இழித்துரைக்கும் நயமும் இல்லை. அழகு போனபின், மறைக்க ஒன்றும் இல்லாத நிலையில், அவள் தன் பெயருக்குத் திரும்பி வருகிறாள். கம்பர் ஒரே வினாவை இருமுறை கேட்க வைத்து இரண்டு விடைகளைத் தந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தீயவள் ஒருத்தி தன்னை மீட்டுக்கொள்ளும் இடமாகவும் அது எனக்குப் படுகிறது. ஆனால் அந்த மீட்சி அவளுக்குச் சமாதானத்தைத் தரவில்லை, பகையையே தந்தது. அதனையும் மறைக்க வேண்டியதில்லை.

கேரளத்தின் மற்றைக் கலைகளும் இவ்விடத்தை எளிதாகக் கடந்துவிடவில்லை. சக்திபத்ரர் இயற்றிய ஆச்சரியசூடாமணி என்னும் வடமொழி நாடகத்தின் இரண்டாம் அங்கத்துக்குச் சூர்ப்பணகாங்கம் என்றே பெயர். கூடியாட்டத்தில் அதனை நடிக்கும்போது, அழகுருவில் லலிதையாக வந்தவள், உறுப்பறுபட்ட பின் உடலெல்லாம் குருதிக்கோலம் பூண்டு தீவட்டிகளுக்கு இடையே அலறிக்கொண்டு வருவாள். அதற்கு ‘நிணம்’ என்று பெயர். பார்ப்பவர் நெஞ்சு நடுங்கும் காட்சி அது. தோற்பாவையில் குருதி இல்லை. நிறமும் நிழலில் மங்கிவிடுகிறது. அங்கே புலவரின் குரல் ஒன்றே அவளுக்கு உயிர்.

இனி, முன்னர்ச் சொன்ன செய்திக்கு வருகிறேன். இக்கதையைக் கேட்பவள் பகவதி. பாலக்காட்டிலிருந்து தெற்கே சென்றால், இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்கு அருகில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலையுச்சியில் மங்கலதேவி கோயில் இருக்கிறது. கண்ணகி கோட்டம் என்று தமிழ் மக்கள் போற்றும் இடம் அது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே மக்கள் சென்று வழிபட வழி திறக்கப்படுகிறது. அன்று தேனி மாவட்டத்திலிருந்தும் இடுக்கி மாவட்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் மலையேறுகின்றனர். மதுரையை எரித்தபின் மேற்கு நோக்கி நடந்து சேர நாட்டு மலையை அடைந்த கண்ணகி, வேங்கை மரத்தின் கீழ் நின்று வானுலகு சென்ற இடம் அதுவே என்பது நம்பிக்கை.

இவ்விரு பெண்களையும் ஒருங்கே நினைத்துப் பாருங்கள். ஒருத்தி கணவனை அநீதியாக இழந்தாள். தன் மார்பைத் தானே திருகி எறிந்தாள். ஒரு நகரம் எரிந்தது. மற்றொருத்தியும் கணவனை அநீதியாக இழந்தாள். அவள் மார்பைப் பிறன் அரிந்தான். அவள் மூட்டிய பகையால் ஒரு நகரம் எரிந்தது. முன்னவள் பத்தினித் தெய்வம், பின்னவள் அரக்கி. இருவரும் ஒன்று என்று நான் வாதிட வரவில்லை. கண்ணகி அவையேறி நீதி கேட்டவள். சிலம்பை உடைத்து உண்மையை நிறுவியவள். சூர்ப்பணகை சீதை என்னும் குற்றமற்ற பெண்ணைப் பழிக்கு இரையாக்கியவள். இந்த வேறுபாடு பெரிது. ஆயினும் இன்னொரு வேறுபாடும் உண்டு. கண்ணகியிடம் மதுராபதித் தெய்வம் வந்து, உனக்கு இது நேர்ந்ததற்குக் காரணம் இது என்று பழம்பிறப்பை எடுத்துரைத்தது. அவள் கதையைக் கேட்கக் குறவர்கள் இருந்தார்கள்; செங்குட்டுவன் இருந்தான்; பாட இளங்கோவடிகள் இருந்தார். சூர்ப்பணகையிடம் எவரும் வந்து எதுவும் சொல்லவில்லை. அவளை எவரும் கேட்கவும் இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின், ஆளரவமற்ற கோயில் முற்றத்தில், இரவின் நடுச்சாமத்தில், சினம் அறிந்த ஒரு தெய்வத்தின் முன்னிலையில், தோலாலான அவள் நிழல் தன் மகனுக்காக அழுகிறது. அந்த அழுகையைக் கேட்பதற்குத் தகுந்த செவி அதுதான் என்றே நான் எண்ணுகிறேன்.

நம் காலத்து எழுத்தாளரும் அவளிடம் திரும்பியிருக்கின்றனர். தெலுங்கு எழுத்தாளர் ஓல்கா ‘விமுக்த’ என்னும் சிறுகதைத் தொகுதிக்காக 2015 ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றார். அதில் ஒரு கதையில், இராமனால் கைவிடப்பட்ட சீதை காட்டில் சூர்ப்பணகையைச் சந்திக்கிறாள். அப்போது சூர்ப்பணகை அழகிய தோட்டம் ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். உருவழிந்த பெண் அழகை வெறுக்காமல், அதனைத் தன் கைகளால் ஆக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கம்பர் காட்டிய சூர்ப்பணகை பகையின் வழியாகத் தன் பெயரை மீட்டாள். ஓல்கா காட்டும் சூர்ப்பணகை உழைப்பின் வழியாகத் தன்னை மீட்கிறாள்.

கூத்துமாடத்துக்குள்ளும் மாற்றம் வந்திருக்கிறது. நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாக இருந்த இக்கலையில், இராமச்சந்திரப் புலவரின் மகள் இரஜிதாவின் முயற்சியால் 2021 இல் பெண்களே நடத்தும் குழு ஒன்று உருவாயிற்று. அதற்குமுன் சூர்ப்பணகையின் அழுகையைப் பாடியவை ஆண்குரல்களே. இனி அந்தத் தாயின் புலம்பலைப் பெண் ஒருத்தியும் தன் குரலில் பாடும் நாள் வரலாம் என்று எதிர்பார்க்கிறேன்.

நேயர்களே, மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருபதாண்டுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம் என்று கருதுகிறேன். மொழிபெயர்ப்பில் பிழையான சொல்லைக் கண்டுபிடிப்பது எளிது. விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வாக்கியம் சரியாகவே இருக்கும், பொருளும் ஓடும், ஆனால் மூலத்தில் இருந்த ஏதோ ஒன்று காணாமற்போயிருக்கும். அயல் மாநிலங்களில் வாழும் நமக்கும் இதே நிலை உண்டு. புதிய ஊரில் யார் என்று கேட்கும்போது சுருக்கமான, இதமான ஒரு விடையைச் சொல்லப் பழகிக்கொள்கிறோம். பெயரைச் சற்றுத் திருத்திக்கொள்கிறோம். ஊரைச் சொல்லாமல் பெருநகரைச் சொல்கிறோம். பாட்டியின் பேச்சைப் பிறர்முன் பேசத் தயங்குகிறோம். இவையெல்லாம் குற்றம் அல்ல, வாழ்க்கையின் தேவைகள். ஆனால் அந்தச் சுருக்கமான விடையே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே விடையாகிவிடக் கூடாது. நாம் விட்டுவந்த வீடும், இழந்த மனிதரும், பட்ட துயரும் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். நாமே அமைதியாகச் சொல்லிவிட்டால், அவை பின்னொரு நாள் சினமாக வெளிவர வேண்டியதில்லை.

பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் முதல் கேரளத்தில் இருக்கிறது. எல்லை மாறியது, அரசின் மொழி மாறியது. கூத்துமாடத்தில் கம்பர் பாடல் நிற்கவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தமிழைக் காத்தார்கள்; தமிழ் ஏட்டில் இல்லாத ஒரு தாயின் கண்ணீரையும் சேர்த்துக் காத்தார்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நேயர்கள், தை முதல் வைகாசி வரையிலான திருவிழாக் காலத்தில் பாலக்காட்டு வழியாகச் செல்ல நேர்ந்தால், ஓர் இரவேனும் ஒரு பகவதி கோயில் முற்றத்தில் அமர்ந்து பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சொற்கள் முழுவதும் விளங்காமற் போகலாம். ஆனால் அவையில் அம்மனோடு நீங்களும் இருப்பீர்கள். கேட்பதற்கு ஆள் உண்டு என்று அந்த நிழலுக்குத் தெரியும்.